டைகருக்கும் ரோக்கிக்கும் ஒரே இலை

எங்கள் தாமான் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் கேட்காமலே அதில் சேர்த்துவிட்டார்கள். காலையில் கைப்பேசியை எடுத்தால் நாய்ப் படங்கள்தான் வந்து நிற்கும். போன வாரம் தர்ஷினி என்று ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"அங்கிள், எங்க வீட்டுல ரெண்டு டாக்ஸ். வீட்டுக்குள்ள ஓக்கேதான். வாக்கிங் போனா மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, கழுத்தைப் புடிச்சுக் கடிக்குது. எந்த பெல்ட் வாங்கலாம்? ஆன்லைன்ல ஒண்ணு பார்த்தேன், நல்லா இருக்குமா அங்கிள்?"

பெல்ட்! என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெல்ட்டைத்தான் கேட்கிறார்கள். மீதி ஒருவர் பிரம்பு வாங்கலாமா என்று கேட்கிறார். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் சட்டையை மாற்றிப் பார் என்று யாராவது சொல்வார்களா? நாய் விஷயம் என்றதும் எல்லாருக்கும் கடைக்குப் போகத் தோன்றிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு நாலு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனது. சரி, நீண்டது நீண்டதாகவே இருக்கட்டும் என்று முழுவதையும் எழுதிவிட்டேன்.

என் பெயர் சுப்ரமணியம். புக்கிட் ரோத்தானைத் தாண்டி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், காவல் பிரிவின் நாய்களுக்குப் பொறுப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் யாரும் என்னைச் சுப்ரமணியம் என்று கூப்பிட்டதில்லை. 'நாய் மணியம்' என்றால்தான் தெரியும். என் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, 'யாருப்பா இந்த சுப்ரமணியம்?' என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வேலையாள்களை மேய்க்கும் மண்டோர்கள் பல பேர், கணக்கு எழுதும் கிராணிகள் பல பேர். நாய் மணியம் ஒருவன்தான்.

செம்பனைக் குலையைத் திருடுகிறவர்கள் பெருகியதால்தான் தோட்டத்துக்கு நாய்கள் வந்தன. வெட்டி அடுக்கி வைத்த குலைகளை லோரியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நிர்வாகம் காவலுக்கு நாய் வாங்கியது. நாயோடு லியோங் என்று ஒரு சீனரும் வந்தார். போலீஸில் நாய் பார்த்து, சார்ஜனாக ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் அவரைச் சார்ஜன் என்றே கூப்பிட்டோம். உடைந்த தமிழும் சந்தை மலாயும் கலந்து பேசுவார். பேசுவதே குறைவு.

அவரிடம் நான் பயிற்சி பெற்ற காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் மாதம் நாய்க்கூண்டு கழுவினேன். இரண்டாம் மாதம் சண்டை போட்ட இரண்டு நாய்களுக்கு நடுவில் கையை விட்டேன். அதன் அடையாளம் இன்னும் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. காயத்துக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் சார்ஜன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ கத்தினே. ஏன் கத்தினே?" என்றார்.

"பயந்துட்டேன் சார்ஜன்."

"நீ கத்தினா நாய் என்ன நினைக்கும்? ஆ, மணியமும் சண்டைக்கு வந்துட்டான்! அதான் இன்னும் கடிக்கும் லா."

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் என் வேலைக்காலம் முழுவதும் ஓட்டினேன். அன்றிலிருந்து நாய் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. வீட்டில் உயர்த்தியிருக்கிறேன். என் மனைவியைக் கேட்டால் அதைச் சொல்வாள்.

சார்ஜனின் வழக்கங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கயிற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு இடையில் விட்டு இழுப்பார். நைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும் என்பார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள விடமாட்டார். மடித்துப் பிடிக்க வேண்டும், ஆபத்து என்றால் விட்டுவிட முடிய வேண்டும். நாய் நடக்கும்போது கயிறு தொய்ந்து சிரிக்க வேண்டும். இப்படிச் சொல்லி உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டுவார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். வழியில் நாய் வம்பு செய்தால் அவர் அடிக்கவும் மாட்டார், அதட்டவும் மாட்டார். பேசாமல் திரும்பி, புறப்பட்ட கேட்டுக்கே நடந்து போய்விடுவார். நாங்களும் போக வேண்டும். மறுபடி கேட்டிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலில் ஒரே காலையில் நாலைந்து தடவை கேட்டுக்குத் திரும்பிய நாள்கள் உண்டு. எங்களுக்கு நாக்குத் தள்ளும். நாய்க்கு மட்டும் விஷயம் புரிந்துவிடும்: வம்பு செய்தால் நடை இல்லை.

இரண்டு நாய்களை ஜோடி சேர்ப்பதற்கு அவர் செம்பனைக் காட்டையே கருவியாக வைத்திருந்தார். மரங்கள் நிரை நிரையாக நிற்கும். ஒரு நிரை இடைவெளி அறுவடைக்காரர்கள் நடக்கும் பாதை. அடுத்த இடைவெளியில் வெட்டிய மட்டைகளை இடுப்பளவு அடுக்கி வைத்திருப்பார்கள். புது நாயையும் பழைய நாயையும் அந்த மட்டை அடுக்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரே திசையில் நடத்துவார். ஒன்றை ஒன்று பார்க்கலாம், முகரலாம், ஆனால் எட்ட முடியாது. முதலில் இரண்டும் அடுக்கின்மேல் ஏறப் பார்க்கும். பிறகு சலித்துப்போய் முன்னால் பார்த்து நடக்கத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் இரண்டையும் ஒரே பாதைக்குக் கொண்டுவருவார். நடுவில் மனிதன், மூத்த நாய் எப்போதும் இடப்பக்கம், இளையது வலப்பக்கம்.

"ஏன் சார்ஜன் மூத்தது இடப்பக்கம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், எதுக்கு எல்லாம் வேணாம். தினமும் ஒரே இடம். அதான் வேணும்" என்றார்.

இன்னொன்றும் சொல்வார். "பல்லு பாக்காதே. காலு பாரு. பல்லு வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு." நாய் சண்டைக்கு வருமுன் அதன் நடை மாறும். அடி குறுகும், முன்னங்கால் விறைக்கும், தோள் குறுக்கே போகும். குரைப்பும் கடியும் கடைசியில் வருபவை. இதைக் கற்றுக்கொண்டவனுக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் பூங்கொடி. அது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. சார்ஜன் அதற்கு வெகு முன்பே ஈப்போவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

பூங்கொடி எங்கள் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவள். கணவர் மாரிமுத்து எண்ணெய் மில்லுக்குக் குலை ஏற்றிப் போகும் லோரி டிரைவர். நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வளர்த்த நாய் டைகர், மூக்கருகே நரைத்த செம்பட்டை நாய். ஒரே மகன் தினேஷ் ஜோகூரில் வேலை கிடைத்துப் போனபோது, தான் வளர்த்த ரோக்கியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். ரோக்கி கறுப்பு, வாலிப வயது, துள்ளுகிற ஜாதி. பூங்கொடி சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இரண்டையும் ஆளுக்கொரு கயிற்றில் கட்டித் தோட்டத்துச் சாலையில் நடக்கக் கூட்டிப் போவாள். வீட்டுக்குள் இரண்டும் ஒரே சாக்கில் படுத்துத் தூங்கும். வெளியே வந்தால் ரகளை. ரோக்கி டைகரின் முதுகில் தாவிப் பிடரியைக் கவ்வும். டைகர் திரும்பிக் குதறும். பூங்கொடியை இரண்டு பக்கமும் இழுத்துத் தள்ளும்.

ஒரு நாள் அந்த ரகளைக்குள் ரொஸ்னா டீச்சரின் மோட்டார் சைக்கிள் வந்து மாட்டியது. பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், பாலர் பள்ளியில் சொல்லிக் கொடுப்பவர், தினமும் எங்கள் தோட்டத்துச் சாலை வழியாக வீட்டுக்குப் போவார். ரோக்கியின் கயிறு முன் சக்கரத்தில் சிக்கியது. டீச்சர் விழுந்தார், முழங்காலில் நல்ல சிராய்ப்பு. அதைவிட, ரோக்கி பதற்றத்தில் ஓடிப்போய் அவர் பாவாடையில் முகத்தை வைத்துவிட்டது. அவர் முஸ்லிம்; நாயின் எச்சில் பட்டால் அவருடைய மார்க்கத்தில் எவ்வளவு சங்கடம் என்று நமக்குத் தெரியும். பாவம், அவர் சத்தம்கூடப் போடவில்லை. "ஒன்றைக் கட்டிப் போடுங்கள், ஒன்றை மட்டும் கூட்டி வாருங்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் பார்த்தவர்கள் பேசினார்கள். பேச்சு ஆபீசுக்கு வந்தது. ஆபீஸ் பயந்துவிட்டது. இரண்டில் ஒரு நாய் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எது என்று சொல்ல வேண்டியவன் நான்.

உதவி மேனேஜர் கிரிதரன் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயது, நல்ல பையன், நாய் என்றால் இரண்டடி தள்ளி நிற்பவர். "அண்ணே, அடுத்த சம்பளத்துக்குள்ள முடிச்சுக் கொடுங்க. அந்த அக்கா மனசு நோகாம பாத்துக்குங்க" என்றார். நாயைப் பறித்துக்கொண்டு மனசு நோகாமல் பார்ப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

நான் போனபோது பூங்கொடி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது.

"எதைக் கூட்டிட்டுப் போகப் போறீங்கண்ணே?" என்றாள், திரும்பாமலே.

"இன்னும் முடிவு பண்ணல."

"ஒண்ணு போனவரோடது. இன்னொண்ணு வரப்போறவனோடது. நீங்களே சொல்லுங்க, எதை விடுறது?"

நாய்களைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றின் வயிற்றில் ஒன்று தலை வைத்துப் படுத்திருந்தன. அந்த நிமிஷம் எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆபீஸ் என்னிடம் கேட்டது வேறு. நான் செய்யப்போவது வேறு. என் வேலையில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்ற திமிர் எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டையும் சாலையில் நடத்தச் சொல்லிப் பின்னால் போனேன். ஊரே ரோக்கியைத்தான் குற்றம் சொன்னது. துள்ளுவது அதுதான், தாவுவது அதுதான். நான் காலைப் பார்த்தேன். முதலில் மாறியது டைகரின் நடை. அடி குறுகியது. தோளைக் கொண்டுபோய் ரோக்கிக்குக் குறுக்கே போட்டது, 'நீ முன்னால் போகாதே' என்பதுபோல. வழி அடைபட்ட ரோக்கி மேலே தாவியது. பார்ப்பவர் கண்ணுக்குத் தாவல்தான் தெரியும்.

"மூத்ததுதான் ஆரம்பிக்குது, பூங்கொடி."

"அவரு மாதிரியே" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

சார்ஜனின் முறையைக் கையில் எடுத்தேன். தினமும் காலையில் நான் ரோக்கியைப் பிடித்துக்கொண்டு மட்டை அடுக்குக்கு அந்தப் பக்கம், பூங்கொடி டைகரோடு இந்தப் பக்கம். வம்பு வந்தால் பேசாமல் கேட்டுக்குத் திரும்பினோம். அவளும் முறைக்காமல் திரும்பி நடந்தாள். கத்தக்கூடாது என்று ஒரு தடவைதான் சொன்னேன், அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. எங்கள் காவல் பையன்களில் பாதிப் பேருக்கு அது வராது. கொஞ்ச நாளில் நாய்கள் முன்னால் பார்த்து நடந்தன. பிறகு ஒரே பாதைக்கு வந்தோம். டைகர் இடப்பக்கம், ரோக்கி வலப்பக்கம், நடுவில் அவள். கயிறு இரண்டும் தொய்ந்து சிரித்தன. என்னைப் பிடிக்க முடியவில்லை. நேராக ஆபீசுக்குப் போய், "சார், சாயங்காலம் வந்து பாருங்க, சாலையிலேயே நடத்திக் காட்டுறேன்" என்று கிரிதரனைக் கூப்பிட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். பூங்கொடி நாய்களோடு சாலையில் நடந்தாள். ஒரு குற்றம் சொல்ல முடியாது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிரிதரன் பக்கத்தில் நடந்தேன். அரசமரத்து வளைவு வந்தது. டைகரின் அடி குறுகியது. 'ஐயோ' என்று நான் நினைத்து முடிப்பதற்குள் இரண்டும் கட்டிப் புரண்டன. பூங்கொடி கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அதையாவது நான் சொல்லிக் கொடுத்தபடி செய்தாள். ஒருவழியாகப் பிரித்துக் கூட்டி வந்தோம். டைகரின் காதில் ரத்தம்.

திரும்பும் வழியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் உரச நடந்தன.

கிரிதரன் இரண்டையும் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "அண்ணே, ஒண்ணு கேட்கலாமா? போகும்போது அடிச்சுக்குது. வரும்போது ஏன் அடிச்சுக்கல?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நாயைத் தொடவே பயப்படுகிற ஆள் என்னிடம் கேள்வி கேட்கிறார் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று உறைத்தது. நான் காலைப் பார்த்தேன். அந்தக் கால் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. அதை அவர் பார்த்தார். மறுநாள் காலை அவரிடம் போய், "சார், நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி" என்று சொன்னேன். அவருக்கு ஏன் சொல்கிறேன் என்று புரியவில்லை, சந்தோஷம் மட்டும் பட்டார்.

அன்று சாயங்காலம் பூங்கொடியிடம், "நான் இங்க இல்லன்னு நினைச்சுக்க. எப்பவும் போற மாதிரி போ" என்று சொல்லிவிட்டுத் தள்ளியே பின்தொடர்ந்தேன். அவள் கையில் கயிறுகளோடு ஒரு துணிப்பையும் இருந்தது. வளைவில் அரசமரத்தடியில் முனியாண்டி சாமி. சின்னக் கோயில், தகரக் கூரை. வழக்கமான ரகளை முடிந்து அங்கே போய்ச் சேர்ந்ததும் பையிலிருந்து ஒரு வாழை இலையை எடுத்துச் சாமி முன் விரித்தாள். கருவாட்டுக் குழம்பு பிசைந்த சோறு ஒரு கைப்பிடி. கும்பிட்டாள். பிறகு இலையை இறக்கிக் கீழே வைத்தாள். இரண்டு நாய்களும் ஒரே இலையில் வாய் வைத்தன. ஒன்று உறும, ஒன்று விழுங்க, கண் மூடித் திறப்பதற்குள் இலை காலி. அதற்குப் பிறகு இரண்டும் சாதுவாக வீட்டைப் பார்த்துத் திரும்பின. சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை.

காலை நடையில் அவள் இலை கொண்டுவருவதில்லை. வளைவுவரை நாங்கள் போனதும் இல்லை. அதனால்தான் காட்டுக்குள் சொன்னபடி கேட்டவை சாலையில் கேட்கவில்லை.

அவள் பக்கத்தில் போய், "இது எத்தனை நாளா?" என்றேன்.

"அவரு இருந்தப்பவே. லோரி பத்திரமா திரும்பினா சாமிக்கு ஒரு பிடி சோறு வெப்பாரு. டைகர் சாப்பிடும். நாய் சாப்பிட்டாத்தான் முனியாண்டி ஏத்துக்கிட்டாருன்னு சொல்லுவாரு."

"அவரு போயாச்சே, இப்ப எதுக்கு?"

"தினேஷும் லோரிதானே அண்ணே ஓட்டுறான்."

காலியான இலையைக் காட்டி, "சரி, ஏன் ஒரே இலை? ரெண்டு இலை போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

ரோக்கியின் முதுகைத் தடவிக்கொண்டே, "அப்பனும் மகனும் கடைசி ஒரு வருசம் பேசிக்கவே இல்ல. தினேஷ் படிப்பை விட்டுட்டான்னு அவருக்குக் கோபம். ஒரே வீட்டுல ரெண்டு தட்டு, ரெண்டு நேரம். அப்படியே அவரு போயிட்டாரு. இதுங்களாவது ஒரே இலையில சாப்பிடட்டும்னுதான். ஒண்ணா சாப்பிட்டா ஒத்துமை வரும்னு நாம சொல்றதில்லையா?" என்றாள்.

மனிதர்களுக்கு அவள் சொன்னது சரி. கல்யாண வீட்டில் பார்க்கிறோம், அண்ணன் தம்பி சண்டை தீர்ந்தால் ஒரே தட்டில்தான் ஊட்டிக்கொள்கிறார்கள். நாய்க்கு அது நேர்மாறு. ஒரே இலை என்றால் யார் முந்துவது என்பதுதான் அதன் கணக்கு. அந்தக் கணக்கை டைகர் இலை விரித்த பிறகு போடவில்லை, வீட்டு வாசலைத் தாண்டும்போதே போடத் தொடங்கிவிட்டது. ஒற்றுமைக்காக அவள் தினமும் வைத்த சோறுதான் தினமும் சண்டையை மூட்டியது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். நேராகவே சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"ரெண்டு இலையா? பங்கு பிரிச்ச வீடு மாதிரி ஆயிடாதா?"

"மனுசங்க பங்கு பிரிச்சா பிரிஞ்சிருவாங்க, பூங்கொடி. இதுங்க பங்கு பிரிச்சாத்தான் சேந்திருக்கும்."

"அப்போ சாமிக்கு?"

"சாமி இலை சாமிக்கு. நீ வெச்சுக் கும்பிடு. பாதியை அங்கேயே விடு. பாதியை வீட்டுக்குக் கொண்டுவா. ரெண்டு இலை, டைகருக்கு முன் வாசல்ல, ரோக்கிக்குக் குசினிக்குப் பின்னால. நடுவுல கதவைச் சாத்து. நாய் சாப்பிட்டா போதும்னுதானே அவரு சொன்னாரு? எங்க சாப்பிடணும்னு சொல்லலையே."

அவள் முனியாண்டியைப் பார்த்தாள். அவர் மீசையோடு உட்கார்ந்திருந்தார், மறுப்பு எதுவும் சொல்லவில்லை. "சரிண்ணே" என்றாள்.

சொல்வது சுலபம். டைகரின் மண்டையில் அந்த வளைவு என்றால் சோறு என்று ஆழமாகப் பதிந்திருந்தது. அதைக் கலைக்க வேண்டும். சாயங்காலம் நானும் போனேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நிரைகளில் மட்டை அடுக்கை நடுவில் வைத்து, சாமியைத் தூரத்திலிருந்து கடந்தோம். அவள் டைகரோடு, நான் ரோக்கியோடு. ஒவ்வொரு நாளும் ஒரு நிரை கிட்ட வந்தோம். டைகர் வளைவில் நின்று அவள் பையைப் பார்க்கும். பை இருக்காது. சோற்றை அவள் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம் கோயிலுக்குக் கொடுத்தனுப்பிவிடுவாள். நாய்களைக் கட்டிப் போட்ட பிறகுதான் தனியாகத் திரும்பிப் போய்ச் சாமிக்கு இலை போட்டுக் கும்பிட்டு, நாய்களின் பாதியை எடுத்து வருவாள். ஒரு நடைக்கு இரண்டு நடை. முணுமுணுக்கவே இல்லை. மெல்ல மெல்ல டைகர் அந்த இடத்தில் நிற்பதை மறந்தது. அடி குறுகவில்லை. தோள் குறுக்கே போகவில்லை. வழி மறிக்கப்படாத ரோக்கிக்குத் தாவ வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

சம்பள நாள் நெருங்கியது. கிரிதரன் மறுபடி வந்தார். இந்த முறை நான் நெஞ்சை நிமிர்த்தவில்லை, அவரிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. பூங்கொடி தனியாக, இரண்டு கயிறுகளோடு, டைகர் இடப்பக்கம், ரோக்கி வலப்பக்கம், சாலையில் நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ரொஸ்னா டீச்சரின் மோட்டார் சைக்கிள் எதிரே வந்தது. நான் ஏற்பாடு செய்ததில்லை, அவர் வீடு திரும்பும் நேரம். நாய்களைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிக் காலை ஊன்றி நின்றுவிட்டார். பூங்கொடி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கவும் இல்லை. சாலையின் மறு ஓரத்துக்கு ஒதுங்கி நடந்தாள். டைகர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தது. ரோக்கி டைகரைப் பார்த்தது. பிறகு இரண்டும் அவள் முகத்தைப் பார்த்தன. அப்படியே டீச்சரைக் கடந்தன, வளைவைக் கடந்தன, முனியாண்டியைக் கடந்தன.

டீச்சர் வண்டியைக் கிளப்பும்போது, "பாகுஸ்" என்று மலாயில் பாராட்டி, கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

கிரிதரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல கேட்பாங்களே அண்ணே. எது போகுதுன்னு என்ன சொல்றது?"

"ஒண்ணு போயாச்சுன்னு சொல்லுங்க சார். அந்த ஒத்தை இலை."

ஆபீசில் அவர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. இரண்டு நாய்களும் பூங்கொடி வீட்டிலேயே இருந்தன. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

தர்ஷினி, உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் அம்மா. பெல்ட்டை அப்புறம் வாங்கலாம். உன் நாய்கள் எந்த இடத்தில் அடித்துக்கொள்கின்றன, அந்த வழி எங்கே போய் முடிகிறது, அங்கே அவற்றுக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் பார். பாசத்தில் நீயே ஏதாவது கொடுத்துக்கொண்டிருப்பாய். அதைக் கண்டுபிடித்துவிட்டு எனக்குச் சொல், மீதியை நேரில் வந்து பார்க்கிறேன்.

டைகர் போன வருடம் வயதாகிச் செத்துப்போனது. பூங்கொடிதான் கூப்பிட்டுச் சொன்னாள். மாரிமுத்து மறுபடி ஒருமுறை போனதுபோல அழுதாள், நானும் இந்தப் பக்கம் அழுதேன். சில வாரம் கழித்து மறுபடி அழைத்தாள்.

"அண்ணே, ரோக்கி இன்னும் வலப்பக்கமேதான் நடக்குது. இடப்பக்கம் காலியா கிடக்கு. கூப்பிட்டா அந்தப் பக்கம் வரவே மாட்டேங்குது. பழக்கணுமா?"

சார்ஜன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். தெரியவில்லை. "வேணாம். அந்த இடத்தை அப்படியே விட்டுடு" என்றேன்.

தீபாவளிக்குத் தினேஷ் ஜோகூரிலிருந்து வந்திருந்தான். மறுநாள் அவள் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தமும் காற்றுச் சத்தமும் கேட்டன. நடந்துகொண்டே பேசியிருக்கிறாள்.

"அண்ணே, தினேஷும் எங்ககூட கோயில் வரைக்கும் வர்றான். ரோக்கியை இடப்பக்கம் இழுத்துப் பாத்தான், அது அசையல. அது அவங்க அப்பா நாய் நடந்த இடம்னு சொன்னேன். அப்புறம் அவனே வந்து என் இடப்பக்கம் நடக்குறான்."